பாரிஸில் நீ இறங்கிய சுரங்கம்

கோபத்தில் போனை வைக்கவில்லை, பவானி. பயந்துபோய் வைத்துவிட்டேன். அவ்வளவுதான். நீயும் மாப்பிள்ளை சுரேஷ்கண்ணனும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசு மட்டும் நேற்றிலிருந்து ஒரு நிலையில் இல்லை. பேசினால் அழுதுவிடுவேன், அதனால் உனக்கு அனுப்பும் ஏலக்காய்ப் பார்சலுக்குள் இதை எழுதி வைக்கிறேன்.

பிள்ளை பிறப்பதற்குள் பாரிஸ் பார்த்துவிட வேண்டும் என்று நீங்கள் ரெண்டு பேரும் போனது எங்களுக்குச் சந்தோஷம்தான். இரும்புக் கோபுரத்துப் படத்தை உன் அப்பா திராட்சைத் தோட்டத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் காட்டினார். ஆற்றில் படகில் போகிற படத்தில் நீ கொஞ்சம் இளைத்துத் தெரிகிறாய். அதற்கடுத்த படம். முதலில் தேங்காய் என்று நினைத்தேன். கம்பம் மண்டியில் அடுக்குவது போல நெஞ்சு உயரத்துக்கு அடுக்கியிருக்கிறதே, இங்கே போய் ஏன் நிற்கிறாள் என்று. விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். கண் இருந்த குழிகள். பல். அவற்றுக்கு முன்னால் நீ, வயிற்றில் கை வைத்துக்கொண்டு, சிரிக்கிறாய். கீழே எழுதியிருந்தாய், பழைய காலத்துப் பொணங்கம்மா, பொதைக்க எடமில்லாம தோண்டியெடுத்துச் சுரங்கத்துல அடுக்கி வச்சிருக்காக, அறுவது லட்சம் பேரு, டிக்கெட்டுக்கே பெரிய கியூ என்று. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். பிள்ளை அசைகிறதா என்றுதான் போனில் கேட்டேன். நல்லா ஒதைக்குதும்மா, வெளிய வந்ததும் ஐஸ்கிரீம் தின்னேன் என்றாய். அப்போதுதான் போனை வைத்தேன்.

உனக்கு இது தெரியாது. நீ என் வயிற்றில் ஏழாம் மாதமாக இருந்தபோது என் பிறந்த ஊர் தேவாரத்தில் எங்கள் அய்யா, உன் தாத்தா, இறந்துபோனார். அதற்கு முந்தின வாரம்தான் துண்டில் முடிந்து நாவல்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். சேதி வந்ததும் வாசலுக்கு ஓடினேன். உன் அத்தை ராக்கம்மாள் குறுக்கே நின்றார். புள்ளத்தாச்சி எழவு வீட்டுக்குப் போகக் கூடாதாத்தா, பொணத்தப் பாத்தா உள்ள இருக்கிறது தங்காது என்றார். உன் அப்பா கதவைச் சாத்தினார். நான் குனிந்து வயிற்றைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன். அய்யா முகத்தைப் பார்க்கவில்லை. புதைத்த இடத்துக்கு எங்களில் பொம்பளைகள் போவதில்லை. அதையும் பார்க்கவில்லை.

நேற்று சாயங்காலம் அதே அத்தை வந்தார். படத்தைக் காட்டினேன். சத்தம் போடுவார், பரிகாரம் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். அந்தூருல தீட்டு ஏது, எலும்பெல்லாம் காஞ்சுல்ல கெடக்கு, புள்ள நல்லாத்தான் நிக்கிறா, அந்தத் தோள் பை என்ன வெலையாம் என்றார். காப்பி கேட்டார். குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதானா, பவானி? நீ செய்தது தப்பு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. பெயர்கூடத் தெரியாத அறுபது லட்சம் பேரைப் பார்த்துவிட்டு நீ ஐஸ்கிரீம் தின்றிருக்கிறாய். எனக்கு ஒரே ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது. சாப்பிடும்போது உன் அப்பாவிடம் கேட்டேன், அன்னைக்கு நான் போயிருந்தா இவ தங்கியிருப்பாளா மாட்டாளா என்று. தட்டைப் பார்த்தபடி, தெரியலையே, அப்பப் பயமா இருந்துச்சு என்றார். பிறகு மோர் ஊற்றச் சொன்னார்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதனால் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் குங்குமத்தைப் பார்சல் ஓரத்தில் மடித்து வைத்திருக்கிறேன், எதற்கும் நெற்றியில் இட்டுக்கொள். மாப்பிள்ளைக்கும். இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே. மாடிப்படியில் பார்த்து இறங்கு. அந்தப் படத்தை வேறு யாருக்கும் அனுப்பாதே. அழித்துவிடவும் வேண்டாம். கௌமாரி உன்னையும் உன் பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள்.

உன் அம்மா,
முருகம்மாள்

பார்சலை இன்னும் ஒட்டவில்லை, அதனால் இதையும் சேர்க்கிறேன். இன்று காலை நான் மட்டும் பஸ் ஏறி தேவாரம் போனேன். ஓடைக்கரையில் அய்யாவைப் புதைத்த இடத்தைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். நாவல்பழம் வாங்கிப் போயிருந்தேன். வைத்துவிட்டு, மதிய பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.