கட்டையில் முளைத்த காது

இன்று காலையில் பின்கட்டில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தேன். சாம்பலைத் தொட்டுக் கை வைக்கும்போது அந்த வாசனை வந்தது. ஈர மரமும் இரும்புத் துருவும் கலந்த வாசனை. அதற்கு அடியில் எங்கேயோ வெல்லம் காய்ச்சினது மாதிரி ஒரு தித்திப்பு. பதினைந்து வருஷம் ஆகியும் என் மூக்கு தடுமாறவில்லை. மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் கிடக்கும் மாமனாருடைய கட்டுமரக் கட்டையின் இடுப்பில் ஒரு காது முளைத்திருந்தது.

உள்ளங்கை அகலம் இருக்கும். மேலே அரக்கு பூசினது மாதிரி பளபளப்பு, ஓரத்தில் வெள்ளை. அந்த நாளில் முளைத்ததெல்லாம் கடல் பக்கம் பார்த்திருக்கும், உனக்குத் தெரியும். இது வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. நேற்றும் நான் அதே இடத்தில்தான் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தேன். நேற்று அது இல்லை.

அதனால் உனக்கு எழுதுகிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணத்தான் செய்யும். உன் பேரை இதில் எழுதமாட்டேன். காகிதத்துக்குக் காது உண்டா இல்லையா என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

நீ வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரங்கூனில் குண்டு விழுந்த வருஷம். இங்கேயும் விழப்போகிறது என்று திருவொற்றியூரே மூட்டை கட்டிக்கொண்டு வண்டி வண்டியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அத்தனை பேரும் போகிற தெருவில் நீ ஒருத்தி எதிரே நடந்து வந்தாய். என் புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி, எனக்கு மூத்த ஓரகத்தி. கல்யாணம் ரங்கூனில் ஆனதால் உன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. வாசலில் நின்று உறவு சொன்னாய். "பெரியவரு எங்க?" என்று கேட்டேன். "வழில" என்றாய். அவ்வளவுதான். அழவும் இல்லை, மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை. கார்த்திகை மாசத்துச் செவ்வாய்க்கிழமை, நான் உப்புப் போட்டு இறக்கிய வாளைமீன் குழம்பில் இரண்டு கல் உப்பு எடுத்துப் போட்டாய். நான் விரித்த பாயை உதறி மறுபடி விரித்தாய். என் கருவாட்டுத் தட்டைத் திருப்பி வைத்தாய். இதையெல்லாம்கூட ஆறப்போட்டிருப்பேன். என் பிள்ளையை நீ ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏழு வயசுப் பிள்ளை. அவனுக்கு முன்னால் இரண்டு பெற்று இரண்டையும் மார்கழிப் பனியில் மூச்சிழுப்புக்குக் கொடுத்தேன். அவனுக்கும் அதே நெஞ்சு. வாடைக்காற்று ஏறினால் போதும், மார்புக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி கேட்கும். நீயோ அவனைத் துணி மூட்டையைச் சொல்கிற மாதிரி சொல்வாய். "அத்தத் தூக்கினு வா." "இத்துக்குத் தல தொவட்டு." ஒரு நாள் உன் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"ஏன், எம் புள்ளைக்குப் பேரு இல்லியா? சொன்னா வாய் வெந்துடுமா?"

"வெந்துடும்னு வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு நீ உன் வேலையைப் பார்த்தாய்.

பின்கட்டில் கிடந்த கட்டையைப் பற்றி உனக்கு முதலில் சொன்னவள் நான்தான். மாமனார் கட்டுமரத்தோடு போனவர் திரும்பவில்லை. மூன்றாம் நாள் அந்த மரத்தின் ஒரு கட்டை மட்டும் தானாகக் கரை ஒதுங்கியது. அதை எரிக்கவும் மனசு வரவில்லை, விற்கவும் மனசு வரவில்லை. சுவரோரம் போட்டோம். ஐப்பசி மழை விழுந்தால் அதில் காது காதாகக் காளான் முளைக்கும். நாங்கள் யாரும் தொடமாட்டோம். நீ அதைப் பார்த்த அன்றைக்கு அப்படியே நின்றுவிட்டாய். பயந்தாயா, சந்தோஷப்பட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. கிட்டத்தில் போய், வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, குனிந்து பார்த்தாய்.

அந்த மார்கழியில் பிள்ளை செத்துப் பிழைத்தான். அடுத்த மார்கழியில் அவனுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. முருகன் கண் திறந்தான் என்று நான் நேர்த்திக்கடன் தீர்த்தேன். அதற்கடுத்த வருஷம் மார்கழி பிறந்து மூன்றாம் நாள், எண்ணூரில் மட்டிச் சிப்பி வாங்கப் போனவள் பாதியிலேயே திரும்பி வந்தேன். அடுப்பில் ஒரு சட்டி. நாலு பங்கு தண்ணீரை ஒரு பங்காகச் சுண்டவைத்து, மிளகும் சுக்கும் பனைவெல்லமும் தட்டிப் போட்டு, கறுப்பாக எதையோ டம்ளரில் ஊற்றி என் பிள்ளையின் வாயருகே பிடித்திருந்தாய். சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மெல்லிசாக அரிந்த காளான் துண்டுகள்.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"போன வருசத்துலேந்து" என்றாய், கொஞ்சமும் கூசாமல். "ஐப்பசில ஆரம்பிச்சி தை வரைக்கும். நோவு உள்ள பூந்தப்புறம் வெரட்டறதுக்கு இல்ல இது. வாசல்லியே நிக்க வெக்கறதுக்கு."

"நாய்க்கொடைய கரைச்சி எம் புள்ளைக்கு ஊத்தினு, எனக்கே பாடம் நடத்தறியா?"

"நாய்க்கொடை குப்பமேட்டுல கெடக்கறது. அத்தத் தொட்டா ஆளே காலி. இது மரக்காது. ரங்கூன்ல பக்கத்து வூட்டு சீனத்துக் கெயவி காமிச்சிக் குடுத்தா. வேற எதையும் நா தொடமாட்டேன்."

எனக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். கட்டையை உதைத்தேன். அப்படியும் ஆத்திரம் ஆறாமல் அதன் மேலேயே ஏறி நின்று உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். இளையவள் மூத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதைவிடப் பெரிய அடி நம்ம குப்பத்தில் கிடையாது, செருப்பால் அடித்தாலும் அதற்குக் கீழேதான். ஊர் கேட்கட்டும் என்றுதான் கூப்பிட்டேன். மூன்று தரம். "வெளிய வாடி! வெளிய வந்து எம் புள்ளைய இன்னா பண்ணன்னு சொல்லுடி!"

கத்தி முடித்ததும் அலைச் சத்தம் கேட்கவில்லை. அதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அஞ்சு விரல் மடக்குகிற நேரம் இருக்கும், கடலே வாயை மூடிக்கொண்ட மாதிரி. காலடியில் கட்டை லேசாக வெதுவெதுப்பாக இருந்தது.

நீ வாசற்படியில் வந்து நின்றாய். உன் முகத்தில் கோபம் இல்லை.

"எங்க நின்னுகினு கூப்ட்ட?"

"தோ, கட்ட மேலதான். ஏன், ஒம் மாமனாருக்கு வலிக்குதா?"

"எறங்கு" என்றாய். "புள்ளைய உள்ள வுடு. அதும் பேர இங்க சொன்னியா?"

"எம் புள்ள பேர நா ஏன் சொல்றேன்? ஒன் பேரத்தான் சொன்னேன்."

"அப்ப சரி" என்றாய். மூச்சு விட்டாய். அந்த "அப்ப சரி"யை நான் எத்தனை தரம் நினைத்திருப்பேன்.

அப்புறம்தான், படியில் உட்கார்ந்து, இரண்டு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னாய். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"காட்டு வழியா நடந்து வந்தோம். வழி பூரா மரம். மரம் பூரா இந்தக் காது. சீனத்துக் கெயவி சொல்லித்தான் அனுப்புனா, இது முன்னாடி யார் பேரையும் சொல்லாத, கேட்டு வெச்சிக்கும்னு. நா சிரிச்சேன். எனக்கு ஒரு பையன் இருந்தான். நாலு வயசு. பின்னால தங்கிட்டான்னு அவங்கப்பா பேர் சொல்லிக் கூப்ட்டாரு. மறாநா காலைல புள்ள எழுந்துக்கல."

நான் கீழே இறங்கி உன் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஆத்தங்கரையாண்ட ஒரே கும்பல். இவரக் காணோம். புருசன் பேரச் சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா வேற எப்டிக் கூப்புடுவேன் அந்தக் கும்பல்ல? ஆயுசுக்கும் ஒரே ஒரு வாட்டி கூப்ட்டேன். மரத்தடில நின்னுகினு கீறாரு. திரும்பிப் பாத்தாரு. ரெண்டு நாள்ல பேதி."

பிள்ளை உள்ளேயிருந்து "பெரிம்மா" என்று கூப்பிட்டான். நீ அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அதனாலதான் அது இதுன்றேன். அதும் பேரு எனக்குத் தெரியாதா? தெனம் உள்ளுக்குள்ளியே சொல்லிகினுதான் கீறேன்."

நம்ம ஊரில் எந்தப் பெண்ணும் புருஷன் பேரை வாய் திறந்து சொல்லமாட்டாள். நானும் உன் கொழுந்தனார் பேரை இன்றுவரை சொன்னதில்லை. அவர் ஆயுசுக்காக வாயைக் கட்டத் தெரிந்த எனக்கு, நீயும் அதே மாதிரி என் பிள்ளை ஆயுசுக்காக வாயைக் கட்டியிருக்கலாம் என்று தோன்றவே இல்லை. இத்தனைக்கும் நான் புத்திசாலி என்று பேர் வாங்கினவள்.

எட்டாம் நாள் உனக்குச் சளி பிடித்தது. பனிதானே என்றார்கள். பத்தாம் நாள் உன் மார்பில் அந்த விசில் கேட்டது. உனக்கு முன்பு ஒருபோதும் வராத விசில். நானே உன் மட்டி ஓட்டால் காதை அரிந்து, நாலை ஒன்றாகச் சுண்டவைத்துக் கொண்டுவந்தேன். கையால் தள்ளிவிட்டாய்.

"எனக்கு ஊத்தாத, தண்டம். எம் பேரு அந்தக் கட்டைக்குத் தெரிஞ்சி போச்சி."

"சும்மா கெட. குடி."

"இன்னும் தை பொறக்கல. அதுக்கு ஊத்து" என்றாய்.

உள்ளே தூங்குகிற என் பிள்ளையைத்தான் சொன்னாய். மார்கழி முடிய நாலு நாள் இருந்தபோது போய்விட்டாய். உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றைக்குக் கட்டையில் இருந்த காதுகள் எல்லாம் சுருங்கிக் கறுத்து உதிர்ந்து கிடந்தன. அதற்கப்புறம் முளைக்கவே இல்லை. பிள்ளைக்கும் இழுப்பு வரவே இல்லை. ஊரில் என்னைக் கேட்டார்கள், ஓரகத்தி போனதற்கு ஏன் முறை சொல்லி ஒப்பாரி வைக்கவில்லை என்று. எந்த வாயால் வைப்பேன்?

நம்ம பிள்ளை வளர்ந்து கல்யாணமும் ஆயிற்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனுக்குப் பெண் பிறந்தது. என்னைக் கேட்காமலே உன் பேரை வைத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "பெரிம்மா பேரும்மா" என்று சிரிக்கிறான். நான் அந்தக் குழந்தையை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அத்தக் கொண்டா", "இத்தப் புடி" என்பேன். "செத்தும் வுட மாட்டேன்றா பாரு, இன்னாத்துக்கு இவ்ளோ காண்டு" என்று அண்டை வீட்டார் பேசுவது என் காதில் விழுகிறது. விழட்டும். கெட்ட பேர் எனக்குப் புதுசா?

இந்த மார்கழியில் குழந்தைக்கு விசில் ஆரம்பித்தது. நேற்று முன்தினம் டாக்டர் ஊசி போட்டார். இன்று காலையில் நான் காதைப் பார்த்துவிட்டு மட்டி ஓடு தேட உள்ளே போன நேரம், மருமகள் பின்கட்டுக்கு வந்திருக்கிறாள். பளபளப்பைப் பார்த்ததும் குழந்தைக்கு வேடிக்கை காட்ட ஆசை. கட்டையின் பக்கத்தில் நின்று, வாய் நிறைய, உன் பேரைச் சொல்லிக் குழந்தையைக் கூப்பிட்டாள்.

அலை நின்றது.

நான் ஓடினேன். முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்த குழந்தையைத் தூக்கி மருமகள் கையில் திணித்து, உள்ளே போ என்று தள்ளினேன். கட்டை மேல் ஏறினேன். வேறு பேர் கேட்டால் முதலில் கேட்டதை மறக்குமோ என்னவோ, அதற்கு நீ எனக்கு எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. எனக்குத் தோன்றினதைச் செய்தேன். என் பேரைச் சொன்னேன். அம்மா வீட்டை விட்டு வந்த பிறகு யாரும் முழுசாகக் கூப்பிடாத பேர், எனக்கே அந்நியமாகக் கேட்டது. மூன்று தரம் கத்தினேன்.

"இன்னா அத்த, ஒம் பேர நீயே கூப்ட்டுகினு கீற? பேஜாரா கீது, எறங்கு!" என்று மருமகள் அலறினாள். அவள் தோளில் இருந்து குழந்தை எட்டிப் பார்த்து, "ஆயா, ஒம் பேரு அதுவா?" என்று சிரித்தது.

காலடியில் கட்டை வெதுவெதுத்தது. அலைச் சத்தம் திரும்பி வந்தது. நான் கீழே இறங்கி, வாயை மூடிக்கொண்டு, மட்டி ஓட்டால் காதை அரிந்தேன்.

நாலு ஒன்றாகச் சுண்டியது. மிளகு, சுக்கு, பனைவெல்லம். குழந்தை முகத்தைச் சுளித்தாலும் குடித்துவிட்டது. இப்போது வெயில் சாய்ந்துவிட்டது. என் பக்கத்தில்தான் தூங்குகிறது. மார்பில் காது வைத்துக் கேட்டேன், விசில் இல்லை. ஊசியாலா, கஷாயத்தாலா என்று நான் ஆராயப்போவதில்லை. மட்டி ஓட்டை மருமகளிடம் கொடுத்து, தை வரைக்கும் தினம் ஒரு டம்ளர், கட்டையண்டை வாயைத் திறக்காதே என்று சொல்லியிருக்கிறேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவள் நினைக்கிறாள். ஆனால் ஓட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எனக்கு மத்தியானத்திலிருந்து தொண்டை கரகரக்கிறது. பனியாக இருக்கும். மீதிக் கஷாயம் ஒரு வாய் இருக்கிறது. நான் குடிக்கவில்லை, அதுவும் குழந்தைக்குத்தான்.

உன் பேர் என் நாக்கடியில் பதினைந்து வருஷமாகக் கிடக்கிறது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அதை அப்படியேதான் எடுத்துக்கொண்டு வருவேன். அங்கே வந்தாலும் அதைச் சொல்லிக் கூப்பிடமாட்டேன், கூப்பிட வேண்டிய முறை எனக்குத் தெரியும். ஒரு நாளும் வாயில் வராதது இப்போதாவது கையில் வரட்டும்.

ஆனால் அந்த வாளைக் குழம்பில் நான் போட்ட உப்பு சரியாகத்தான் இருந்தது, அக்கா.