மன்னிப்பு அத்தியாயம்

மே 2, வெள்ளி

புழுக்கம். கடல் பக்கமிருந்து துளிக் காற்றில்லை. லிஃப்ட் மறுபடியும் பழுது. நாலு மாடி, கையில் இரண்டு தண்ணீர்ப் போத்தல், முழங்கால் கேட்கவே வேண்டாம்.

வாங்க: தேங்காய்ப்பால் மா, குசினி பல்ப், கல்சியக் குளிசை.

நாள் முழுவதும் நுகேகொடை ஆய்வு அலுவலகத்தில் ஒப்பீட்டு அறிக்கை. நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்த நாளிலிருந்து எந்த ஆட்சி அதிகாரத்தை எப்படித் துஷ்பிரயோகம் செய்தது என்று ஒரு பெரிய அட்டவணை. குறுக்கே ஆட்சிகள், நெடுக்கே குற்றங்கள். பெயர் எழுதக்கூடாது என்பது எங்கள் பொறுப்பாளர் நிலந்தியின் விதி. பெயரைக் கண்டால் வாசிக்கிறவர் தன் கட்சியைத் தேடிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவாராம். உண்மைதான்.

பெயரில்லாமலும் எல்லோருக்கும் தெரியும். தன் எம்.பி.க்களிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்தவர். பதவிக்கால வரம்பை எடுத்துவிட்டவர். வெள்ளிக்கிழமை இரவு பிரதமரை மாற்றியவர். உள்ளூராட்சித் தேர்தலுக்குக் காசில்லை என்றவர். இந்த ஜனாதிபதிக் கதிரையையே ஒழிக்கிறேன் என்று வந்தவர்கள்தான் இவர்களில் பாதிப்பேர். இருந்து பார்த்தபின் கதிரை வசதி.

என் அத்தியாயம் மன்னிப்பு. தண்டனை பெற்ற எவரையும் ஜனாதிபதி விடுவிக்கலாம். ஒருவர் கொலை வழக்கில் உள்ளே போன பணக்கார வீட்டுப் பிள்ளையை விட்டார். இன்னொருவர் பொதுமக்களைக் கொன்றதற்குத் தண்டனை பெற்ற படையாளை விட்டார். காரணம் சொல்லக் கடமை உண்டு; சொன்ன காரணங்களைப் படித்தால் சிரிப்பு. என் பரிந்துரை: சுயாதீனக் குழு ஒன்று விசாரித்துச் சம்மதிக்காமல் எந்த மன்னிப்பும் கூடாது. குழு அமையும்வரை இந்த அதிகாரத்தையே நிறுத்தி வைக்க வேண்டும்.

இறுக்கமான பந்தி. திருப்தி.

மே 3, சனி

காலையில் யோகம் வந்தாள். பள்ளியில் ஒரே வாங்கில் இருந்தவள். இப்போது கொட்டாஞ்சேனையில் புத்தகக் கடையொன்றில் காசாளர். மாடியேறி வந்த மூச்சிரைப்போடு, "எடி வாணி, நீ என்ன கோபுரத்திலயே குடியிருக்கிறாய்?"

வந்தது தம்பி இரவியின் விஷயமாக. போர்க்காலத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். பொலிஸ் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம், கீழே இவன் ஒப்பம், வேறு சாட்சியில்லை. ஆயுள் தண்டனை. அப்போது இவனுக்குச் சிங்களம் ஒரு எழுத்தும் தெரியாது.

வெசாக் பண்டிகைக்கு மன்னிப்புப் பட்டியல் தயாராகிறதாம். இந்த முறை எங்கள் தமிழ்ப் பெடியள் சிலரும் அதில் இருப்பார்கள் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் கருணை மனு போக வேண்டும். நல்ல இங்கிலிஷில் நான் எழுத வேண்டும்.

இது அவளுக்கு முதல் மனு அல்ல. ஒவ்வொரு ஆட்சிக்கும் கொடுத்திருக்கிறாள். அவளிடமும் ஓர் ஒப்பீடு இருக்கிறது. தேத்தண்ணியோடு சொன்னாள்.

"அந்த அம்மா ஜனாதிபதியாய் இருந்த காலத்தில மற்றப் பெடியளின்ர தாய்மாரோட போனனான், உள்ள விட்டவை. பிறகு வந்தவரின்ர காலத்தில கேற்றிலயே துரத்திப்போட்டாங்கள். அடுத்தவற்ற ஒஃபீஸில கதிரை தந்து, குடிக்க நெக்டோச் சோடாவும் தந்தவை. நான் நினைச்சன் சரி, விட்டிட்டாங்கள் எண்டு. நெக்டோவோட சரி. அதுக்குப் பிறகு வந்தவற்ற காலத்தில போகவே பயம்."

"ஆர் மோசம்?"

"நெக்டோ தந்தவர்தான். மற்றவையிட்ட நான் ஒண்டும் எதிர்பார்க்கேல்லயே."

மேசையில் கிடந்த என் அத்தியாயத்தைப் புரட்டினாள். தடுக்க நினைத்தேன். தடுத்தால் ஒளிப்பதாகிவிடும். இங்கிலிஷ் மெதுவாகத்தான் வாசிப்பாள். வாசித்தாள்.

"நிறுத்தி வைக்கோணும் எண்டால்?"

"குழு ஒண்டு வரும்வரைக்கும் ஒருத்தருக்கும் மன்னிப்புக் குடுக்கேலாது."

"இந்த நாட்டில குழு எப்ப வந்தது?"

தாளை மேசையில் வைத்தாள்.

"அவங்கள் கொலைகாரருக்குத் திறந்துவிட்ட கதவு. எங்கட ஆள் கிட்டப் போகேக்க நீ பூட்டச் சொல்லுறாய்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

எழுதித் தருகிறேன் என்றேன். மீன் கட்லட் நாலு சுற்றிக் கொடுத்தேன்.

மே 4, ஞாயிறு

மழை. மொட்டைமாடித் துணி முழுவதும் நனைந்தது.

மனுவின் முதல் வரைவு. இரவி படிப்பதற்காகத் தமிழிலும் ஒன்று. பழைய மனுக்கள் சிலவற்றை மாதிரிக்குப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே வரி: செய்த குற்றத்துக்கு மனமார வருந்துகிறேன். நானும் போட்டேன். சம்பிரதாயம்.

பல்ப் வாங்க மறந்தாயிற்று.

மே 5, திங்கள்

அலுவலகக் கூட்டம். இராசநாயகம் சேரும் வந்திருந்தார், ஓய்வுபெற்ற சட்டத்தரணி, எங்கள் ஆலோசகர். முடிவுரையில் எந்த ஆட்சி மிக மோசம் என்று ஒரு வரி வேண்டுமாம். ஒன்றரை மணிநேரம் போயிற்று.

சேர் திகதியில்லாக் கடிதக்காரரை விடமாட்டார். "அத்திவாரம் போட்டவர் அவர். மற்றவை வந்து குடியிருந்தவை, அவ்வளவுதான்." நிலந்திக்குத் தெற்கில் சிங்களப் பெடியளை ரயர் போட்டு எரித்த வருடங்கள்தான் மோசம். மாமா ஒருவர் மாத்தறையிலிருந்து போனவர், போனவர்தான். அவள் அதை அறிக்கைக் குரலிலேயே சொன்னாள். கணக்குப் பார்க்கும் ஃபரீனா கோப்பு வைக்க வந்தவள், நின்றபடி, "கொரோனாக் காலத்தில எங்கட மையத்துகள எரிச்சது உங்கட பட்டியல்ல எங்க சேர் ஈக்கி?" என்று கேட்டாள். முஸ்லிம் சடலங்களைக் கட்டாயமாக எரித்தது அடிக்குறிப்பில் இருந்தது. மேலே கொண்டு வந்தோம்.

ஒப்பிடுவதற்குப் பொது அளவுகோல் வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் படித்தேன். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் வேறு அளவுகோல், எதுவும் பிழையில்லை. அந்த வரியை விட்டுவிட்டோம்.

பிறகு என் அத்தியாயம். ஒரு திருத்தம் கேட்டேன்: வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு நிறுத்தம் பொருந்தாது.

சேர் கண்ணாடியைக் கழற்றினார். "உமக்குத் தெரிஞ்ச ஆரும் உள்ள இருக்கினமோ, பிள்ளை?"

சொன்னேன். மனு எழுதுவதையும் சொன்னேன்.

"ஆ. அப்ப உம்மட ஆளுக்கு ஒரு யன்னல். படையாளுக்கும் ஆரோ ஒருத்தர் இப்பிடித்தான் ஒரு யன்னல் கேட்டிருப்பினம்."

எரிந்தது. படையாளின் வழக்கில் சாட்சி இருந்தது என்றேன். அதைத் தீர்மானிக்கிறது நீரோ என்றார். சரியான கேள்வி. அதனால்தான் இன்னும் எரிந்தது.

நிலந்தி என்னைப் பல்கனிக்குக் கூட்டிப்போனாள். மெல்லச் சொன்னாள்: மனுவை எழுது, நானென்றால் எழுதுவேன். ஆனால் அத்தியாயத்தையும் நீயே எழுத முடியாது. தோளில் ஒருமுறை தட்டினாள். அவளும் தொட்டுப் பேசுகிறவள் அல்ல.

பஸ்ஸில் நின்றபடி வந்தேன். பரிந்துரை இன்னும் சரியென்றே நினைக்கிறேன்.

மே 7, புதன்

சிறை. யோகத்தோடு. வரிசை, பை சோதனை, மறுபடி வரிசை. முறுக்கை உடைத்து உடைத்துப் பார்த்தார்கள்.

கம்பிவலைக்கு இரண்டு பக்கமும் எல்லோரும் கத்துகிறார்கள். இரவிக்கு முன்பல் இரண்டு இல்லை. நான் அறிந்த இரவி மெலிந்த பெடியன். இவர் தலை நரைத்த ஆள். சிரித்தபோதுதான் பிடிபட்டது.

"வாணியக்கா! இன்னும் அதே மூஞ்சி. கதைச்சால் காசு குறைஞ்சிடும் எண்ட மூஞ்சி."

தமிழ் வரைவை வலையோடு ஒட்டிப் பிடித்தேன். வாசித்தான். ஒரு இடத்தில் நின்றான்.

"வருந்துகிறேன் எண்டு கிடக்கு. ஆர் எழுதினது?"

"நான்தான்."

"நான் செய்தனான் எண்டு நினைக்கிறீங்களோ?"

"இல்லை."

"அப்ப?"

"எல்லா மனுவிலும் இருக்கிற வரி இரவி. இல்லாட்டி ஒதுக்கி வைச்சிடுவினம்."

"அந்தப் படையாளை விடேக்க வருத்தம் கேட்டவங்களோ அக்கா?"

யோகம் வலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "நீ உள்ள இருந்து கொள்கை கதை! நான் வெளியில கிழவியாகிறன். ஒரு வரியடா, ஒரு வரி!"

பக்கத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வலைக்கு இன்னும் கிட்ட வந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். அந்த இரைச்சலில் உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

"விடச்சொல்லிக் கேட்கிறன் அக்கா. எனக்கும் வெளியில வர ஆசைதான். கெஞ்சவும் செய்யிறன். ஆனா செய்தனான் எண்டு இன்னொருக்கா ஒப்பம் வைக்கமாட்டன்."

அந்த வரி இல்லாமல் அனுப்புவோம் என்றேன். இங்கிலிஷ் பிரதியின் கடைசிப் பக்கத்தை அதிகாரி வாங்கிக்கொண்டு போய், ஒப்பம் எடுத்துவந்து தந்தார். ஒப்பத்துக்கு மேலே கொஞ்ச இடம் விட்டிருந்தேன், காரணமில்லாமல்.

நாங்கள் திரும்பும்போது இரவி, "முறுக்குக்குப் பல்லில்ல. அடுத்தமுறை கேக் கொண்டாங்கோ."

மே 8, வியாழன்

காலை யோகத்தின் ஃபோன். "அந்த வரியை இங்கிலிஷில போடு. அவனுக்குத் தெரியத் தேவையில்ல. வெளியில வந்தபிறகு என்னோட சண்டை பிடிக்கட்டும்."

முடியாது என்றேன்.

"உனக்கு உன்ர நியாயம் பெரிசு. எனக்கு அவன் பெரிசு."

வைத்துவிட்டாள்.

என் கையில் ஒப்பம் வைத்த தாள். அந்த வரியை நான் சேர்த்தாலும் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. காரணம் சொல்லவும் தேவையில்லை. நல்லதற்குத்தான் செய்தேன் என்றும் பிறகு சொல்லலாம். அட்டவணையில் உள்ள ஒவ்வொருவரும் நாட்டு நன்மைக்காகவே என்றுதான் அரச வர்த்தமானியில் போட்டார்கள். இன்று முதல்முறையாக அவர்களில் சிலர் அதை நம்பியிருக்கவும் கூடும் என்று தோன்றியது. பிடிக்காத எண்ணம்.

மத்தியானம் அத்தியாயத்தை நிலந்திக்கு அனுப்பினேன். பரிந்துரையை மாற்றவில்லை. இனி அவள் பொறுப்பு, என் பெயர் வேண்டாம் என்று எழுதினேன். சரி என்று ஒரு சொல், கீழே: மனு எப்படி?

யோகத்துக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. நாளை காலை கோட்டை ஸ்டேஷன் வாசலில் நிற்பேன் என்று மெசேஜ் வைத்தேன்.

மே 9, வெள்ளி

வெயில். காலிக்குப் போகும் பெருவீதியெங்கும் வெசாக் விளக்குக்கூடு கட்டுகிறார்கள்.

யோகம் வந்திருந்தாள். நல்ல சேலை. என்னோடு கதைக்கவில்லை. ஜனாதிபதி செயலகத்துக்கு நடந்தே போனோம்.

மனு வாங்கும் யன்னலில் நடுவயது அதிகாரி, பொறுமையான மனிதர். எல்லாப் பக்கமும் வாசித்தார். பிறகு சிங்களத்தில் என்னிடம்: மிஸ், குற்றத்துக்கு வருந்துவதாக இதில் இல்லையே. வழக்கமாக இருக்கும். மேலே பார்ப்பவர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள். ஒப்பத்துக்கு மேலே இடமிருக்கிறது, கையால் ஒரு வரி எழுதினாலும் போதும்.

பேனையையும் நீட்டினார். உதவி செய்யத்தான் நினைத்தார். சந்தேகமில்லை.

யோகத்துக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும், கடையில் நாள் முழுவதும் பேசுகிறவள். மொழிபெயர்க்கத் தேவையில்லை. பேனையை நான் தொடவில்லை. அவள் வாங்கினாள். தாளைத் தன் பக்கம் திருப்பினாள். நான் தடுத்திருக்க வேண்டுமா, தெரியவில்லை. அவளுடைய தம்பி.

ஒப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவர் செருமினார்.

"இதில நான் எழுதினா, அவன் சொன்னதாய்த்தானே போகும்?"

"ஓம்."

"பிறகு ஆர் கேட்டாலும்?"

"ஓம்."

பேனையைத் திருப்பிக் கொடுத்தாள். "எப்பா அய்யே. ஒஹொம தியாகன்ன." வேண்டாம், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் ஏசத் தொடங்கினாள். கடற்கரை வீதி முழுவதும் ஏசினாள். நான் கல்லாம், பள்ளியிலேயே கல்லாம், எனக்குத் தம்பி இருந்தால் தெரியுமாம். கேட்டுக்கொண்டு நடந்தேன். குடையை அவள் பக்கம் பிடித்தேன்.

பஸ் தரிப்பிடத்தில் ஓய்ந்தாள்.

"பட்டியலில அவன்ர பேர் இல்லாட்டி உன்ர வீட்டுக்கு வந்து ஏசுவன்."

"வா."

"இருந்தா?"

"இருந்தா ஜனாதிபதிக்கு நன்றிக் கடிதம் எழுதச்சொல்லி எல்லாரும் சொல்லுவினம்."

யோசித்தாள். கொட்டாஞ்சேனை பஸ் வந்துகொண்டிருந்தது.

"அதை நீ எழுதாதை. நானும் எழுதமாட்டன்," என்று சொல்லிவிட்டு ஏறினாள்.