முதுகு காட்டி நிற்கும் டவர்

மேல் லயம்,
பசறை.

அன்புள்ள அத்தானுக்கு,

சுபாஜினி எழுதுவது. நானும் நம் பிள்ளை மதுஷாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது, அதனால்தான் கடிதம்.

அத்தையின் கருமாதி முடிந்து பஸ் ஏறும்போது ஒன்று கேட்டீர்கள். இப்போது இருக்கும் சொப்ட்வெயார் கம்பனியில் ஆட்களைக் குறைக்கிறார்கள், டெலிகொம் கம்பனி ஒன்றில் ஐடி படித்தவர்களைத் தேடுகிறார்கள், போகலாமா என்று. டவர் ஏறுகிற வேலை இல்லை, எந்த டவர் எந்தப் பக்கத்துக்குச் சிக்னல் தர வேண்டும் என்று கொழும்பில் கம்பியூட்டர் முன்னால் இருந்து முடிவு செய்கிற வேலை என்றீர்கள். நான் அங்கே வாயைத் திறந்திருந்தால் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்திருக்கும்.

நம் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே டவர் கட்டியபோது அத்தை என்ன செய்தார் தெரியுமா? மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டி, அதற்குத் தேங்காய் உடைத்தார். இனி மகன் குரல் வீட்டுக்குள்ளேயே கேட்கும் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். கட்ட வந்தவர்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்ததும் அவர்தான். கடைசியில் பார்த்தால், சிக்னல் தரும் அதன் வெள்ளைப் பெட்டிகள் அத்தனையும், சுற்றுலாக்காரர் வரும் எல்ல ஊர்ப் பக்கத்து ஹோட்டல்களைப் பார்த்து நிற்கின்றன. நமக்கு முதுகு. பக்கத்து வீட்டு அழகர் அண்ணன் போய்க் கேட்டதற்கு, லயத்து ஆட்கள் அவ்வளவு டேட்டா பாவிப்பதில்லை, அது கொழும்பில் எடுத்த முடிவு என்றார்களாம். உங்களைப் போல் படித்த யாரோ எடுத்திருப்பார்.

மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது அத்தையைக் குளவி கொட்டிய அன்று, அம்புலன்ஸுக்குச் சொல்ல அழகர் அண்ணன் போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி உச்சிக்கு ஓடினார். அவர் திரும்புவதற்குள் அத்தையைக் கொழுந்து லொறியில் ஏற்றிவிட்டோம். முகம் வீங்கிக் கண் தெரியாமல் கிடந்தவர் கேட்டது ஒன்றுதான்.

“புள்ள, நிமலனுக்கு ஒரு போனப் போடு.”

போட்டேன், போகவில்லை. அந்தப் போனையே அவர் காதில் வைத்து, “பேசுங்கத்தை, அவுங்கதான்” என்றேன். பேசினார். வழி நெடுக உங்களிடம் பேசிக்கொண்டே வந்தார். பசறைக் கடைவீதியில் சிக்னல் வந்தபோது அத்தையின் பேச்சு நின்றிருந்தது. நான் உங்களுக்கு எடுத்தது அதன் பிறகுதான்.

அம்மா கடைசியாக என்ன சொன்னார் என்று நீங்கள் கேட்டபோது தெரியாது என்றேன். தெரியும். உங்கள் மேல் எனக்குக் கோபம். நீங்கள் செய்யாத குற்றத்துக்கும் சேர்த்துக் கோபம்.

அந்த வேலைக்குப் போங்கள் அத்தான், கட்டாயம் போங்கள். போய், ஒரு பெட்டியையாவது நம் லயத்துப் பக்கம் திருப்புங்கள். பிறகு எனக்குப் போன் எடுங்கள். அத்தை உங்களிடம் சொன்னதையெல்லாம் வீட்டுக்குள் இருந்தே, அறுந்துபோகாமல் சொல்கிறேன். அதுவரை சொல்ல மாட்டேன், கடிதத்திலும் எழுத மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அத்தை உடைத்த தேங்காய் உங்களுக்காவது பலிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் போனுக்குக் காத்திருக்கும்
சுபாஜினி