எல்லாப் படத்திலும் இடது கால்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம்தான். நடுவில் ஒன்று நடந்தது, உன்னிடம் போனில் சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, பதறாமல் படி.

மழை விடாமல் பெய்து மூன்று வாரம் கட்டட வேலை நின்றுபோனதே, அப்போது ஆரம்பித்தது. கொத்தனாரை வீட்டில் உட்காரவைத்தால் என்ன ஆகும், நல்ல சுவரையே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பொறுக்கமாட்டாமல், "சுவத்த விடுங்க, பொண்ணு அனுப்பின பாடத்தையாவது செய்ங்க" என்று நீ உன் மாணவர்களுக்கு எழுதிய பயிற்சி நோட்டைக் கையில் திணித்தாள். தாளைப் பார்க்காமல், பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல், பொருளின் ஓரத்தைக் கண்ணால் தடவிக்கொண்டே வரையச் சொல்லியிருந்தாய். என் இடது கையை வரைந்தேன், அம்மா எட்டிப்பார்த்து இஞ்சியா என்று கேட்டாள். நாலாம் நாள்தான் விரல் விரலாகத் தெரிந்தது. அடுத்தது நிற்கிற ஆளை இரண்டே நிமிடத்தில் வரைவது. மூக்கு முழி வேண்டாம், கழுத்துக்குழியிலிருந்து நேராக ஒரு கோடு இறக்கி, பாரம் எந்தக் காலில் விழுகிறது என்று மட்டும் பார் என்றிருந்தாய். அட, சுவர் நேராக இருக்கிறதா என்று நூலில் குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்போமே, நம் தூக்குக்குண்டு, அதே கணக்கு! எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

வீட்டில் நிற்கிற ஆள் அம்மா ஒருத்திதானே. அடுப்படியில், குழாயடியில், துணி மடிக்கையில் என்று ஒரே வாரத்தில் இருபத்தாறு படம். தரையில் பரப்பிப் பார்த்தால் எல்லாவற்றிலும் கோடு இடது காலில்தான் விழுகிறது, வலது கால் சும்மா தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நான்தான் தப்பாகப் போடுகிறேன் என்று நினைத்து, மறுநாள் அவள் பாத்திரம் கழுவும்போது நிஜத் தூக்குக்குண்டையே பிடித்துக்கொண்டு பின்னால் போய் நின்றேன். "என்ன, எனக்குப் பூச்சு வேலையா?" என்று சிரித்தாள். வலது காலை ஊன்றி நில் என்றேன். சிரிப்பு நின்றது. ஊன்றினாள், உடனே தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மாதமாக இடுப்பில் வலியாம். "சொன்னா நீங்க வேலைக்குப் போகமாட்டீங்க, அவ லீவு போட்டுட்டு ஓடி வந்துடுவா" என்றாள். நூலளவு சாய்ந்த சுவரைத் தெருவிலிருந்தே சொல்லிவிடுகிறவன் நான். முப்பது வருஷமாகக் கூடவே இருக்கிறவள் சாய்ந்து நிற்பது என் கண்ணில் படவில்லை. மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, தொடை எலும்பின் மேல்முனையில் மெல்லிய விரிசல், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் எலும்பு விலகி ஆபரேஷனில் போய் முடிந்திருக்கும் என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். நான் வரைந்த தாள்களை நீட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "யாருங்க சொல்லிக் கொடுத்தது?" என்றார். "என் பொண்ணு, டிராயிங் டீச்சர்" என்றேன், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல, வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். தன்னிடம் டாக்டருக்குப் படிக்கும் மாணவர்களுக்குக் காட்ட அதில் ஒரு படம் வேண்டும் என்றார் டாக்டர். "தலை சீவாத படத்தக் குடுத்துடாதீங்க" என்றாள் அம்மா, அவள் கவலை அவளுக்கு. முன்பெல்லாம் உன் வேலையை யாராவது கேட்டால் முணுமுணுப்பாகத்தான் சொல்வேன், அதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது கேட்காதவர்களிடமும் சொல்கிறேன், மேஸ்திரி என்னைக் கண்டாலே வேறு பக்கம் போகிறார்.

ஊன்றுகோலோடு ஏழு வாரம் அம்மாவை உட்காரவைத்தேன், சமையல் நான்தான், அந்தக் கதையை அவளிடமே கேட்டுக்கொள். நேற்று டாக்டர் ஊன்றுகோலை எடுத்துவிடலாம் என்றார். வந்ததும் வாசலில் நின்றாள், வரைந்தேன், கோடு இரண்டு காலுக்கும் நடுவில் விழுந்தது. அந்தப் படம் இத்துடன் இருக்கிறது. கை கொஞ்சம் நீளமாகிவிட்டது, அப்பா என்று பார்க்காமல் திருத்து.

உன் கண்ணும் கையும் என்றைக்கும் தெளிவாக இருக்கட்டும், மனசு நிறைந்து நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே. கண்ணாடி முன்னால் நின்று உன்னை நீயே வரைந்து அனுப்பு. முகத்தோடு நிறுத்திவிடாதே, பாதம் வரைக்கும் வேண்டும்.

உன்னை நினைத்து நெஞ்சு நிமிர்ந்து நிற்கும்
அப்பா