மோட்டார்ஹோமில் தண்ணீர் பார்த்த நாள்

மச்சாள்,

இன்று காலை மோட்டார்ஹோமின், நீங்கள் வாங்கிய அந்த வீட்டு வண்டியின், சமையலறைக் குழாயைத் திறந்தேன். முதலில் காற்றுத்தான் இருமிக்கொண்டு வந்தது. பிறகு இளஞ்சிவப்பாய்த் துப்பியது. குளிருக்குக் குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்கப் போன ஒக்டோபரில் உள்ளே விட்ட அன்ரிஃபிரீஸ். அதன் மெல்லிய இனிப்பு வாசம் மூக்கில் ஏறியதும் கையை எடுக்க மறந்து அப்படியே நின்றுவிட்டேன். அதை ஊற்றியது நீங்கள். போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினீர்கள். ஜனவரியில் ஒருநாள் நெஞ்சு நோகுது என்றீர்கள், அன்று பின்னேரமே போய்விட்டீர்கள். நீங்கள் ஊற்றியது மட்டும் குளிர்காலம் முழுவதும் இந்தக் குழாய்களுக்குள் இருந்திருக்கிறது.

தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை ஓடவிட்டேன். உங்கள் தம்பி வெளியே ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்று அவருக்கு நான் ஒன்று சொல்லவேண்டியிருந்தது. அதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு ஸ்காபரோவில் வந்து இறங்கிய நாளிலிருந்து நாங்கள் ஒரே வீட்டில்தான் இருந்தோம். முதலில் மோர்னிங்சைட்டில் இரண்டு அறை அப்பார்ட்மென்ட், பிறகு அஜக்ஸில் இந்த வீடு. நானும் நீங்களும் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. ஆனால் பேசியதும் இல்லை. "சோறு இருக்குது", "துணி காய்ஞ்சிட்டுது", "கடிதம் வந்திருக்குது". இவ்வளவுதான். உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன். அதற்கு என்னிடம் இரண்டு சாட்சிகள் இருந்தன.

ஒன்று, எங்கள் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே போன நாள். ஆஸ்பத்திரிக்கு நீங்கள் வரவில்லை. தொழிற்சாலையில் இரட்டை ஷிப்ட் என்று சொல்லி அனுப்பினீர்கள். மற்றது, அதே கிழமை நீங்கள் பின்னேர ஷிப்ட்டிலிருந்து காலை ஷிப்ட்டுக்கு மாறியது. நாலரைக்கு எழும்பி, நான் கண் விழிக்க முன்னரே வெளிக்கிட்டுவிடுவீர்கள். காலையில் என் முகத்தில் முழிக்க விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டேன். மூன்று வருடம் கழித்து மகள் பிறந்தாள். நான் பின்னேர வேலைக்குப் போக, நீங்கள் மூன்று மணிக்கு வந்து அவளைப் பொறுப்பெடுத்தீர்கள். ஷிப்ட் நேரம் இப்படிச் சரியாக வாய்த்தது எங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

நீங்கள் ஓய்வு பெற்ற வருடம் பீற்றர்பரோ பக்கம் ஒரு வயதான வெள்ளைக்காரரிடம் இந்த வண்டியை வாங்கிக்கொண்டு வந்தீர்கள். எங்கள் மகளைவிட வயது கூடிய வண்டி. டிரைவ்வேயில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது.

"அக்கா, உது ஓடுமோ?" என்றார் உங்கள் தம்பி.

"இஞ்சை மட்டும் ஓடித்தானே வந்தது."

"இந்த வயசிலை உங்களுக்கு ஏன் உது?"

"முப்பது வருசமா ஒரே ரோட்டாலை வேலைக்குப் போய் வந்தனான். மற்ற ரோட்டுகளையும் ஒருக்காப் பாப்பம்."

நான் யன்னலுக்குப் பின்னால் நின்று, இந்த மனுசிக்கு என்ன பிடித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மே மாதம், காம்பிங் போகுமுன் வண்டிக்குத் தண்ணீர் விட்டு ஒழுகுதோ என்று பார்க்கவேண்டும் என வந்தீர்கள். கையில் அந்த வெள்ளைக்காரர் எழுதிக் கொடுத்த தாள். "ரெண்டு பேர் வேணுமாம். ஒராள் உள்ளுக்கு, ஒராள் வெளியிலை. நீர் வாறீரோ?" வீட்டில் வேறு யாரும் இல்லை. மறுக்கத் தெரியாமல் வந்தேன்.

நீங்கள் உள்ளே பம்ப் சுவிட்சுக்குப் பக்கத்தில். நான் வெளியே ஒரு மட்டைப் பெட்டியை விரித்து, ரோச் லைற்றோடு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். மெல்லிய சுவர் ஒன்றுதான் நடுவில். நீங்கள் தாளைப் பார்த்துச் சத்தமாக வாசித்தீர்கள்: "பைப் எல்லாத்தையும் பூட்டினால் பம்ப் தன்பாட்டிலை நிக்கவேணும். நிண்டிட்டுத் திரும்ப உறுமினால் எங்கையோ ஒழுகுதாம்."

பம்ப் நின்றது. ஒரு நிமிடம் கழித்துத் திரும்ப உறுமியது.

"ஒழுகுது மச்சாள்."

"எங்கை?"

"தெரியேல்லை. இஞ்சை காய்ஞ்சுதான் கிடக்குது."

"அவசரமில்லை. வடிவாப் பாரும்."

நான் ஒவ்வொரு குழாயாக வெளிச்சம் அடித்துக்கொண்டு போனேன். பம்ப் உறுமும், நிற்கும், உறுமும். அப்படி ஒருமுறை நின்ற நேரத்தில் உங்கள் குரல் வந்தது. தாள் வாசித்த குரல் இல்லை.

"உமக்கு ஒண்டு சொல்லவேணும். கேக்குதோ?"

"ஓம்."

"அண்டைக்கு எனக்கு இரட்டை ஷிப்ட் இல்லை. வேலைக்கே போகேல்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரிலை பஸ் ஸ்ரொப்பிலை நிண்டனான். இருட்டும்வரைக்கும் நிண்டனான். பஸ் வரும், போகும். டிரைவர் கதவைத் திறந்து பாப்பான். ரோட்டைக் கடக்கக் கால் வரேல்லை."

ரோச் லைற்றை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கேட்டேன்.

"நீர் மூண்டு மாசமா இருக்கேக்கையே சுப்பவைசரிட்டை காலமை ஷிப்ட் கேட்டனான். நீர் பின்னேரம் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பாக்க ஆள் வேணுமெல்லே. அந்தக் கிழமைதான் தந்தவை. இனி வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? சொன்னால் பிள்ளை இனி இல்லை எண்டதை என்ரை வாயாலை சொல்லவேணும். அதுதான் அப்பிடியே விட்டிட்டன்."

மச்சாள், இவ்வளவு வருடமும் நான் சேர்த்து வைத்திருந்த இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கட்சி மாறிவிட்டன. ஏதாவது சொல்லவேண்டும். வாய் திறந்தேன். அந்தக் கணத்தில் பம்ப் உறுமியது, என் கழுத்தில் குளிராய் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து வெளிச்சம் அடித்தால், சுடுதண்ணீர்ப் பெட்டிக்குப் போகும் குழாய் வளைகிற முழங்கை மூட்டில் ஒரு வெடிப்பு.

"மச்சாள்! இஞ்சை! இஞ்சைதான் ஒழுகுது!"

இருபத்தேழு வருடம் கழித்து வந்த பதில் அதுதான். நீங்கள் ஓடி வந்தீர்கள். எனக்குப் பக்கத்தில் மட்டையில் படுத்து வெடிப்பைப் பார்த்தீர்கள். இருவர் சட்டையும் நனைந்தது. உங்கள் கண்களும் நனைந்திருந்தன. நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த முழங்கைக்கு மூன்று தரம் கடைக்குப் போனோம். இரண்டு தரம் அளவு பிழை. மூன்றாம் தரம் நீங்கள் உடைந்ததையே கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தீர்கள். போகிற வழியெல்லாம் பேசினோம். எதைப் பற்றியும் இல்லை, எல்லாவற்றைப் பற்றியும். அந்த ஒன்றை மட்டும் நான் தொடவில்லை.

ஜூலையில் வடக்கே ஒரு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினோம், நீங்களும் நானும் மட்டும். மத்தியானம் நீங்கள் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தீர்கள். தொட்டி கழுவ விட்ட பிளீச் கொஞ்சம் மணத்தது. அப்போதுதான் சொன்னேன்: "மச்சாள், அண்டைக்கு நீங்கள் உள்ளுக்கு வந்திருக்கலாம்."

நீங்கள் ஏரியைப் பார்த்தபடி இருந்தீர்கள். "ஓம். வந்திருக்கலாம்."

"வந்திருந்தால் நான் உங்களைப் பிடிச்சுக்கொண்டு அழுதிருப்பன்."

"அதுக்குத்தான் பயந்தனான்" என்றீர்கள். பிறகு என் கோப்பையை வாங்கி இன்னும் கொஞ்சம் ஊற்றினீர்கள்.

தம்பியிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "நான் சொல்லுறன். விடும்" என்றீர்கள். ஒக்டோபர் வந்தது, ஜனவரி வந்தது. நீங்கள் சொல்லவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் போனபிறகு அவர் கதிரையில் இருந்து சொன்னார்: "அக்கா எங்களுக்குச் செய்யாதது ஒண்டும் இல்லை. அண்டைக்கு ஒருநாள் மட்டும் வரேல்லை." அவரும் அதை அத்தனை வருடமாக வைத்திருந்திருக்கிறார். அப்போதே சொல்லியிருக்கவேண்டும். இறந்த அக்காவின் வார்த்தையை என் வாயால் சொன்னால் நம்புவாரோ, ஆறுதலுக்குக் கட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பாரோ என்று விட்டுவிட்டேன். நாலு மாதம் விட்டுவிட்டேன்.

இன்று தொட்டி நிரம்பியதும் இடம் மாறினோம். அவர் உள்ளே, நான் வெளியே வண்டிக்கு அடியில். அதே தாளை அவர் வாசித்தார். எல்லாக் குழாயையும் பூட்டினார். பம்ப் நின்றது. ஒரு நிமிடம், இரண்டு, ஐந்து. திரும்ப உறுமவில்லை. நீங்கள் பூட்டிய முழங்கையில் ஒரு பொட்டு ஈரமில்லை.

"ஏதும் ஒழுகுதோ?" என்றார்.

"இல்லை. ஆனா நீங்கள் உதிலையே நில்லுங்கோ. ஒண்டு சொல்லவேணும்."

படுத்தபடியே எல்லாம் சொன்னேன். பஸ் ஸ்ரொப், ரோட்டைக் கடக்காத கால், காலை ஷிப்ட். நீங்கள் சொன்ன சொல்லிலேயே சொன்னேன்.

உள்ளேயிருந்து கேட்டார்: "எவ்வளவு நேரம் நிண்டவ?"

"இருட்டும்வரைக்கும் எண்டு சொன்னவ."

"அண்டைக்கு மழையெல்லே."

எனக்கு அது தெரியாது. நான் கட்டிலில் கிடந்தவள். யன்னலால் பார்த்தவர் அவர்தான்.

பிறகு குழாய் திறக்கும் சத்தம். பம்ப் உறுமத் தொடங்கியது. பார்க்கவேண்டியது எல்லாம் பார்த்து முடிந்துவிட்டது, தண்ணீர் திறக்க ஒரு காரணமும் இல்லை. அவர் முகம் கழுவட்டும் என்று நான் மட்டையிலேயே கிடந்தேன். தொட்டித் தண்ணீர் பாதிக்கு மேல் ஓடிப் போனது. கூப்பிடவில்லை.

வெளியே வந்தபோது சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. "திரும்ப நிரப்புவம்" என்று ஹோஸை எடுத்தார்.

நீங்கள் தம்பிக்குச் சொல்லாமல் விட்டதை இன்று சொல்லிவிட்டேன், மச்சாள். ஆனால் ஏரிக்கரையில் நான் உங்களுக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. எங்கள் மகள் பின்னேரங்களில் யாரிடம் வளர்ந்தாள் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. அவளுக்கு முன்னால் வந்த பிள்ளைக்காக எடுத்து வைத்த நேரத்தில் வளர்ந்தாள். இனி அதை யாரிடம் சொல்ல? என்னிடமே வைத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஏரிக்குப் புறப்படுகிறோம். வடக்கே ஏறமுன்னம் முதலில் ஸ்காபரோவுக்குப் போய், அந்த ஆஸ்பத்திரி ரோட்டால் போவோம் என்கிறார் உங்கள் தம்பி. இவ்வளவு பெரிய வண்டியோடு அது வீண் சுற்று. அந்த ஸ்ரொப்பில் நிறுத்தவும் விடமாட்டார்கள்.

மெதுவாக ஓடுங்கோ என்று மட்டும் சொன்னேன்.