எமிலுக்கு எழுதிய கடிதம்

ஏப்ரல் 22, செவ்வாய்

ஈஸ்டர் முடிந்து இரண்டு நாள். வீட்டில் அக்ரூட் ரொட்டி இன்னும் தீரவில்லை. காலையும் அதுதான், மாலையும் அதுதான்.

பண்டிகைக்குப் புதிதாக வந்தவர்கள் நிரப்பிப் போட்ட அட்டைகளை பாஸ்டர் வீட்டுக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். எங்கள் குழுவுக்கு ஒன்பது. பத்து நாளுக்குள் ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

குழுத் தலைவர் ஒக்தாவியன் அண்ணன் மூன்று அட்டைகளை என் பக்கம் தள்ளினார். நேரில் வேண்டாம், கடிதம் எழுதுகிறேன் என்றேன்.

"கதவு தட்டறதுன்னா அவ்ளோ பயமா, தபித்தா? கடிச்சா வைக்கப்போறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் பேருந்து ஓட்டுகிறவர். தினமும் நூறு முகங்களைப் பார்க்கிறவருக்கு இது புரியாது. அவர் மனைவி வியோரிக்கா அக்காதான் எழுதட்டும் விடுங்கள் என்று முடித்துவைத்தார்.

ஏப்ரல் 23, புதன்

இரண்டு கடிதம் சுலபமாக முடிந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டேன். அட்டையில் பெயர் என்ற இடத்தில் 'எமில்' என்று மட்டும் இருக்கிறது. குடும்பப் பெயர் இல்லை, தொலைபேசி எண் இல்லை. ஆலைத் தெரு, பதினேழு. பென்சிலை அழுத்தி, நடுங்கிய கையால் எழுதியது.

ஞாயிறன்று முந்நூறு பேர் இருந்தார்கள். எந்த எமிலும் எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் எழுத உட்கார்ந்ததும் ஒரு முகம் வந்துவிட்டது. நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் நாவல் படிப்பதன் பலன். வயதானவர், தனியாக இருப்பவர், கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தவர்.

'உங்களைக் கடைசி வரிசையில் பார்த்தேன். மிகவும் களைத்திருந்தீர்கள். பாட்டு தொடங்கியதும் உங்கள் முகம் கொஞ்சம் தெளிந்தது. மறுபடி வாருங்கள். உங்களுக்கு இங்கே இடம் இருக்கிறது.'

பார்த்தேனா? பார்க்கவில்லை. எல்லாக் கடிதத்திலும் 'உங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சி' என்று எழுதுவதுதானே — அதன் நீட்சிதான் இது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், நன்றாக வந்திருந்தது. அதனால் அடித்துத் திருத்த மனம் வரவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

மூன்றையும் தபாலில் போட்டேன்.

மே 1, வியாழன்

எழுதத்தான் வேண்டும். எழுதாமல் தூங்க முடியாது.

மாலை ஒக்தாவியன் அண்ணன் வீட்டில் குழு கூடியிருந்தது. பாதியில் மணி அடித்தது. கறுப்புத் தலைத்துணி கட்டிய ஒரு அம்மா, அறுபது வயதுக்குள் இருக்கும். கையில் என் கடிதம். கடிதத்தின் மேல் நான் எழுதியிருந்த இந்த வீட்டு முகவரியைப் பார்த்து வந்திருக்கிறார்.

"இங்க தபித்தா யாரும்மா?"

நான்தான் என்றேன்.

"எம் புள்ளையப் பாத்தேன்னு எழுதியிருக்கியே. எப்படி இருந்தான்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. அவர் பெயர் வெத்தூரியா. எமில் அவருடைய ஒரே மகன், இருபத்தாறு வயது. பிப்ரவரியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். ஊரில் பெரும்பாலோர் போகும் பழைய சபையின் பெரிய கோயிலில் இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பாதிரியார் எல்லோர் முன்னும் படிப்பார். இவர் கொடுத்த சீட்டைத் திருப்பித் தந்துவிட்டாராம் — அப்படிச் செத்தவர்களின் பெயரைப் படிக்கக் கூடாதாம். எங்கள் சபை ஆட்கள் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஈஸ்டர் அன்று வந்தார். வாசலில் ஒரு அட்டையும் பென்சிலும் கையில் வைத்தார்கள். மேலே 'பெயர்' என்று இருந்தது. மகன் பெயரை எழுதினார். சீட்டில் குடும்பப் பெயர் எழுதும் வழக்கமில்லை, கடவுளுக்கு அது எதற்கு.

அப்படியானால் முகவரி எதற்கு என்று யாரோ கேட்டார்கள்.

"எமிலுன்னு எத்தனையோ பேரு இருப்பாங்க. எந்த எமிலுன்னு கொழம்பக் கூடாதில்ல."

கூட்டம் முடியும்வரை பெயர் படிக்கப்படும் என்று காத்திருந்திருக்கிறார். பிறகு என் கடிதம் போயிருக்கிறது.

"கடைசி வரிசைன்னு எழுதியிருக்க. நானும் அங்கதான் இருந்தேன். எம் பக்கத்துலயா இருந்தான்?"

பார்க்கவில்லை என்றேன். யாரையுமே பார்க்கவில்லை, நானாக எழுதினேன் என்றேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"செத்தவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியாதா? ஆனா களைச்சிருந்தான்னு எழுதியிருந்தியா... சரியா எழுதியிருக்காளே, இவளாவது பாத்தாளேன்னு நெனச்சுட்டேன்."

பிறகு ஒக்தாவியன் அண்ணன் பக்கம் திரும்பி, பெயரை மட்டும் ஒரே ஒரு தடவை படித்துவிடுங்கள், போய்விடுகிறேன் என்றார். நாங்கள் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை, உயிரோடு இருப்பவர்களுக்காகத்தான் என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார். பிறகு அந்த அம்மாவுக்காக நீண்ட ஜெபம் செய்தார். ஆறுதல், சமாதானம், கண்ணீரைத் துடைக்கும் கரம். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயருக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. 'மகன்' என்ற சொல்கூட வரவில்லை.

வெத்தூரியா அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாற்காலியில் கடிதம் கிடந்தது, நாலாய் மடித்து.

மே 2, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை.

மே 8, வியாழன்

எல்லோரும் போன பிறகு ஒக்தாவியன் அண்ணனிடம் கேட்டேன். ஒரு அம்மாவுக்காக ஜெபிக்கும்போது அவர் பிள்ளையின் பெயரைச் சொல்லக் கூடாதா?

"இன்னிக்கு ஒருத்தருக்குச் சொன்னா நாளைக்குத் தெருவே சீட்டோட வந்து நிக்கும். அந்தச் சீட்டையெல்லாம் விட்டுட்டு வந்தவங்கதானே நம்ம தாத்தா பாட்டியெல்லாம்? அதுக்கு எவ்ளோ அடி வாங்கினாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவர் சொல்வது தவறில்லை. அதுதான் என்னைத் தின்கிறது.

மேசையில் அட்டைகளின் பட்டியல் இருந்தது. எமில் என்பதற்கு நேரே 'சந்தித்தாயிற்று' என்று குறித்திருந்தார்.

மே 20, செவ்வாய்

ஆலைத் தெரு. பதினேழாம் எண் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். இது இரண்டாவது முறை.

ஜூன் 7, சனி

நாளை பெந்தெகொஸ்தே. அதற்கு முந்தைய சனி பெரிய கோயில்காரர்களுக்கு இறந்தவர்களின் நாள். புதுக் குவளையில் ஏதாவது ஊற்றி, மேலே ஒரு ரொட்டியும் எரியும் மெழுகுவர்த்தியும் வைத்து அக்கம்பக்கத்தாருக்குத் தருவார்கள். வாங்குகிறவர் இறந்தவரின் பெயரைச் சொல்லி, 'கடவுள் மன்னிப்பாராக' என்று சொல்ல வேண்டும். யாராவது நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள் என்றுதான் அம்மா எனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

இன்று போனேன். தெரு முழுக்க ஆட்கள் குவளைகளோடு வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருந்தார்கள். பதினேழாம் எண்ணில் கதவு திறந்தே இருந்தது. வெத்தூரியா அம்மா வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நீலப்பூப் போட்ட ஒன்பது குவளைகள். மெழுகுவர்த்திகள் பாதிக்கு மேல் கரைந்துவிட்டிருந்தன. ஒன்றைக்கூட யாரும் எடுக்கவில்லை.

"காலைலேர்ந்து உக்காந்திருக்கேன். யாருக்குன்னு கேக்கறாங்க. அவனுக்குன்னதும் கைய இழுத்துக்கறாங்க."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் என்னிடம் நீட்டவில்லை.

"உங்க ஆளுங்களும் வாங்க மாட்டாங்க. தெரியும். நீ போம்மா, நேரமாச்சு."

"குடுங்கம்மா" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். மெழுகு என் கட்டைவிரலில் சிந்தியது.

"எமிலைக் கடவுள் மன்னிப்பாராக."

இது ஜெபமா? ஜெபம்தான். வெறும் மரியாதை என்று இங்கே எழுதி என்னை நானே ஏமாற்றிக்கொள்ள மாட்டேன். ஒரு முறை பொய் எழுதியது போதும்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன். மூன்றாவது முறை அவர் கேட்காமலே சொன்னேன்.

ஜூன் 8, ஞாயிறு

வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே ஒக்தாவியன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ஆராதனை தொடங்குமுன், கோட்டுகள் மாட்டும் இடத்தில்.

"தெரிஞ்சேதான் வாங்கினியா?"

"ஆமாண்ணா."

முகத்தை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டார். "அப்போ இன்னிக்கு திருவிருந்துல கை வைக்காத. பாஸ்டர்கிட்ட நான் பேசறேன்." கிறிஸ்துமஸுக்குப் புதிதாக வருகிறவர்களின் அட்டைகளை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

பதினான்கு வயதில் ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து ஒரு திருவிருந்தும் தவறியதில்லை. அப்பத் தட்டு எங்கள் வரிசைக்கு வந்தது. அம்மா ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், தட்டை என் மடிக்கு மேலாக அப்பாவிடம் நீட்டினாள். அப்பாவின் கை கொஞ்சம் தாமதித்தது. பிறகு வாங்கிக்கொண்டார்.

முடிந்ததும் படியில் தனியாக இறங்கினேன். வியோரிக்கா அக்கா பின்னாலேயே வந்து கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த அம்மா தனியாவா இருக்காங்க?"

ஆமாம் என்றேன்.

"பேரு எமில், இல்ல?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்தபடி, இன்னொரு முறை அந்தப் பெயரை மெதுவாகச் சொன்னார். கீழேயிருந்து அண்ணன் கூப்பிட்டார். அக்கா இறங்கிப் போனார்.