முன்னால் நிற்கிறவள் சொல்கிற பக்கம்

ஏ டுர்ரு மாமா,

நேற்று உன் வண்டியின் ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தேன். அவிழ்க்கவா முடிந்தது? கிணற்றுக்குள் மோட்டார் இறக்குகிற மாதிரி நைலான் கயிற்றைப் போட்டு, முடிச்சு மேல் முடிச்சாக இறுக்கி வைத்திருக்கிறாய். கடைசியில் கத்தியால் அறுத்துத்தான் எடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை, கடலை மிட்டாய் வாடை, பிள்ளை எச்சில் காய்ந்த வாடை எல்லாம் அப்படியே இருந்தது. பள்ளத்தில் வண்டி குதித்தால் முன்னால் நிற்கிற பிள்ளையின் தாடை இரும்பில் இடித்துவிடக் கூடாதே என்று நீ சுற்றிய துண்டு. பெரியவன் ரூபன் வாய் துடைத்ததும் அதில்தான், மூக்குச் சிந்தியதும் அதில்தான். துவைக்க மனசு வராமல் மடியில் போட்டுக்கொண்டு செத்த நேரம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டேன். ஜெனி முதல் தடவை முன்னால் நிற்கும்போது அழுக்குத் துண்டா இருப்பது?

ஆமா மாமா, ஜெனிக்கு முறை வந்துவிட்டது. இன்றைக்குக் காலையில் நம் மகள் முன்னால் நின்றாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவள், எழுத்து முன்னே பின்னே இருக்கும். ஊர் முன்னால் உன்னை ‘நீங்க’ என்றும், வண்டியில் ஏறிவிட்டால் ‘நீ’ என்றும் சொல்வேனே, இது வண்டிப் பேச்சு என்று வைத்துக்கொள்.

ரூபன் வாய் திறந்து முதலில் சொன்னது அப்பா இல்லை, அம்மா இல்லை, உன் வண்டிச் சத்தம். தெருமுனையில் நீ வரும்போதே “டுர்ரு, டுர்ரு” என்று தவழ்ந்து வாசலுக்கு வந்துவிடுவான். அதைக் கேட்டு நானும் டுர்ரு மாமா என்றேன். பக்கத்து வீட்டு ரஹ்மத் அக்காகூட “உங்க டுர்ரு வந்தாச்சு” என்றுதான் சொல்லும். உனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, இல்லை என்று சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய் வந்ததும் நீ முதலில் செய்கிற வேலை, போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடுவது. நாம் கிளம்புகிறவரைக்கும் அது அரிசிக்குள்ளிருந்து கத்திக்கொண்டே இருக்கும். “பாவம், யார் தோட்டத்துல மோட்டார் நின்னுபோச்சோ” என்பேன்.

“வாரம் பூரா போன் சொல்ற பக்கந்தேன் போறேன் ராணி. ஒரு நாளாச்சும் எம் பிள்ள சொல்ற பக்கம் போறேன்” என்பாய்.

நிசமாகவே அப்படித்தான் போனோம். எங்கே போகிறோம் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முன்னால் நிற்கிற ரூபன்தான் ராஜா. முச்சந்தி வந்தால் நீ வண்டியை மெதுவாக்கி, “மகாராஜா, எந்தப் பக்கம்?” என்பாய். அவன் கையை நீட்டுவான். நீட்டிய பக்கம் திரும்புவாய். பின்னால் நான், என் மடியில் ஜெனி, ஜெனி மடியில் எலுமிச்சைச் சோற்றுத் தூக்கு. ஒரு வாரம் ஆத்தூர்ப் பக்கம் போய் நிற்போம், ஒரு வாரம் சிறுமலை அடிவாரத்தில். ஒரு வாரம் மூன்று முச்சந்தி சுற்றி நம் தெருவுக்கே வந்துவிட்டோம். ரஹ்மத் அக்கா, “என்னடி, கேஸ் அடுப்ப அணைக்காம போயிட்டியா?” என்று கேட்டது. நீ வண்டியை நிறுத்தாமல் கையை ஆட்டிவிட்டு இன்னொரு சுற்றுப் போனாய்.

எங்கே போய் நின்றாலும் அங்கே நீ பழுது பார்த்த மோட்டார் ஒன்று இருக்கும். அதுதான் எனக்கு ஆச்சரியம். தோட்டத்துக்காரர் “வாங்க மெக்கானிக், மதினி, வாங்க” என்று இளநீர் வெட்டுவார். பிள்ளைகள் குளிக்க மோட்டாரைப் போட்டுவிடுவார். தொட்டியில் தண்ணீர் விழும்போது நீ மட்டும் குழாய்ப் பக்கம் காதை வைத்துக் கேட்பாய். “நல்லாத்தேன் ஓடுது” என்று சொன்ன பிறகுதான் சட்டையைக் கழற்றுவாய்.

என் அண்ணன் செம்பட்டியில் வீடு கட்டி மந்திரித்த நாளை மறக்க முடியுமா? நான் பட்டுச்சேலையில். மடியில் சீர்வரிசை வெண்கலப் பானை. பங்குச் சாமியார் பத்து மணிக்கு வருகிறார் என்று அண்ணன் மூன்று தடவை சொல்லியிருந்தது. செம்பட்டிக்குப் போகிற ரோட்டில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வண்டி, சித்தையன்கோட்டைப் பக்கம் பிரிகிற இடத்தில் மெதுவானது.

“மாமா, கேக்காத! இன்னைக்குக் கேக்காத!” என்று உன் முதுகில் அடித்தேன்.

“ஞாயித்துக்கெழம ராணி” என்றாய். ரூபன் கையை நீட்டிவிட்டான்.

ஒரு கொய்யாத் தோப்பில் போய் நின்றோம். நான் இறங்கமாட்டேன் என்று வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். ரூபன் புதுச் சட்டையோடு தொட்டியில் குதித்தான். அவனைத் தூக்கப் போன நீயும் விழுந்தாய். தண்ணீர் சொட்டச் சொட்ட நீ எழுந்து நின்ற கோலத்தைப் பார்த்து எனக்குக் கோபமெல்லாம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. வெண்கலப் பானை நிறையக் கொய்யாப்பழத்தோடு நாம் போய்ச் சேரும்போது வீட்டையும் மந்திரித்தாகிவிட்டது, பந்தியும் முடிந்துவிட்டது. அண்ணன் உன்னை மேலும் கீழும் பார்த்து, “மச்சான், எங்க வீட்டுக்குத்தான தீர்த்தம் தெளிக்கணும்? உங்க மேல யாரு இம்புட்டு ஊத்துனா?” என்றது. அந்தப் பந்தல் முழுக்கச் சிரித்தது.

இம்புட்டிலும் ஜெனிக்கு ஒரு குறை. அவளுக்கு முன்னால் நிற்க வேண்டும். “தாடை துண்டுக்கு மேல வரட்டும் தங்கம்” என்பாய். ஒவ்வொரு ஞாயிறும் கிளம்புவதற்கு முன் அவளை ஏற்றி நிறுத்திப் பார்ப்பாய். அவள் குதிகாலை உயர்த்துவாள், நீ காலைப் பிடித்துக் கீழே அமுக்குவாய். “ஏமாத்தக் கூடாது.” துண்டுக்கு மேலே மூக்குத்தான் வரும். அழுதுகொண்டே என் மடிக்கு வருவாள். கடைசியாகப் பார்த்தபோது கீழ் உதடு வந்திருந்தது. “கிறிஸ்மஸ் கழிச்சு ஒனக்குத்தேன் முறை. அண்ணன் பின்னாடி, நீதான் மகாராணி” என்று கை அடித்துக் கொடுத்தாய். அவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

கிறிஸ்மஸ் வந்தது, நீ இல்லை. மோட்டார் கழற்றப் போன தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை என்று வந்து சொன்னார்கள். அதை இதில் எழுதப் போவதில்லை மாமா. அது உனக்கே தெரியும்.

வண்டியைச் சாக்குப் போட்டு மூடி வாசல் ஓரத்தில் நிறுத்திவிட்டோம். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்துகொள்வார்கள். எங்கேயும் போகலாமா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சத்துணவுக் கூடத்துச் சமையலும் வீட்டு வேலையுமாக ஆறு நாளும் எப்படியோ போய்விடும், ஏழாவது நாள்தான் போகாது. அண்ணன் வந்து, “சும்மா நின்னா துருப்பிடிச்சுப் போகும்மா. நல்ல ஆளாப் பாத்துத் தள்ளி விட்டுருவோம்” என்றது. நானும் சரி என்றுதான் சொன்னேன்.

மறுநாள் விடிகாலையில் வாசல் தெளிக்கப் போனேன். ஜெனி சாக்கை விலக்கிவிட்டு வண்டியில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். குதிகாலை உயர்த்தவில்லை மாமா. இரண்டு பாதமும் தட்டையாக ஒட்டி நின்றது. தாடை துண்டுக்கு மேலே நன்றாக வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் இறங்கிவிட்டாள்.

“வந்துருச்சும்மா. யாருகிட்டக் காட்டுறது?” என்றாள்.

வாளியை அங்கேயே வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். “வண்டி விக்கல” என்றேன். “யாரு ஓட்டுவா?” என்றது. “ஓட்டுற ஆளு இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஓட்டுற ஆளுக்குச் சைக்கிள்கூடத் தெரியாது என்பது ரஹ்மத் அக்காவுக்குத்தான் தெரியும். பாவம், தையல் கடையைச் செத்த நேரம் பூட்டிவிட்டுத் தினமும் சாயங்காலம் என்னைக் காலி மைதானத்துக்குக் கூட்டிப்போனது. “ஏடி, ஆக்சிலேட்டரப் போட்டு ஈரச் சேலை பிழியற மாதிரி பிழியற! அது வண்டிடி!” என்று கத்தும். நான் பிழிந்த பிழியில் வண்டி குப்பைத்தொட்டியில் போய் முட்டி நின்றது. மைதானத்தில் கிரிக்கெட் விளையாடுகிற பையன்கள் என்னைப் பார்த்தாலே ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். “பிரேக்கு எங்கடி?” என்று அக்கா கேட்டால், நான் பழக்கத்தில் முன்னால் உன் தோளைப் பிடிக்கக் கையை நீட்டுவேன். வெறுங்காற்று. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் மைதானத்திலேயே அழுதேன். அக்கா பக்கத்தில் நின்றுவிட்டு, “சரி, அழுது முடிச்சியா? இப்பப் பிரேக்கப் புடி” என்றது. லைசென்ஸுக்கும் அதுதான் கூட வந்தது.

ரூபனைத்தான் சமாளிக்க முடியவில்லை. “முன்னாடி என் எடம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். “நீ நின்னா எனக்கு ரோடு தெரியாதுடா, ஆளு வளந்துட்ட” என்றேன். “அப்பாவுக்குத் தெரிஞ்சுச்சு” என்றான். இன்று காலையில் பார்த்தால், நேற்றுத் துவைத்துக் காய்ந்த துண்டை அவனே வண்டியில் சுற்றிக்கொண்டிருந்தான். உன்னை மாதிரியே முடிச்சு மேல் முடிச்சு.

பூசை முடிந்து கிளம்பினோம். உன் ஹெல்மெட் எனக்குக் கண் வரைக்கும் இறங்குகிறது. போனை அரிசி டிரம்மில் போட்டேன். என்னை யார் கூப்பிடப் போகிறார்கள், ஆனாலும் போட்டேன். பைபாஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் நாலு ரோடு சேருகிற இடத்தில் மெதுவாக்கி, “மகாராணி, எந்தப் பக்கம்?” என்றேன்.

இந்த ஒரு கேள்விக்காக ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தவள் இல்லையா? இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். அப்புறம் கையை முன்னால் நீட்டினாள்.

“நேரா.”

பின்னாலிருந்து ரூபன், “நேரா சொல்லக் கூடாது! இடது இல்லன்னா வலதுதேன். அப்பா ரூலு!” என்று கத்தினான்.

“அப்படி எப்படா சொன்னாரு? நான் பின்னாடிதான உக்காந்திருந்தேன்!”

“காதுல சொன்னாரு. முன்னாடி நிக்கிறவங்களுக்கு மட்டுந்தேன் சொல்வாரு.”

ஜெனி நீட்டிய கையை இறக்கவில்லை. திரும்பி அவனைப் பார்த்து, “எங் காதுல சொல்லலயே” என்றாள்.

எனக்கு ஆக்சிலேட்டர் கையில் இருக்கிறது என்பதே மறந்துபோனது. பின்னால் நின்ற கோழி வண்டிக்காரர் ஹாரனை அமுக்கி, “ஏம்மா, நடு ரோட்டுலயா பஞ்சாயத்து? போறதுன்னா போங்க!” என்றார். முறுக்கினேன். வண்டி நேராகப் போனது.

அடுத்த முச்சந்தியிலும் நேரா. அதற்கடுத்ததிலும் நேரா. தார் ரோடு முடிந்து, மண் ரோடும் முடிந்து, ஒரு கண்மாய்க்கரை அடியில் போய் நின்றோம். அங்கே நீ பழுது பார்த்த மோட்டார் இல்லை. கிணறே இல்லை. களத்தில் மக்காச்சோளத்தைக் காயப்போட்டுவிட்டு ஒரு அம்மா குச்சியோடு உட்கார்ந்திருந்தது.

“யாரு வேணும்?”

மெக்கானிக் வீட்டுக்காரி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மாவுக்கு உன்னைத் தெரியாது மாமா. இத்தனை வருஷத்தில் உன்னைத் தெரியாத களத்துக்கு நாம் போனதே இல்லை. “சும்மா வந்தோம்” என்றேன்.

“இங்க என்ன இருக்குன்னு சும்மா வந்தீக? சரி, வந்ததுதேன் வந்தீக, மயிலு வராமப் பாத்துக்கங்க. வீட்டுல போயி ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டு வந்துர்றேன்.” குச்சியை ஜெனி கையில் கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டது.

ஒரு மயில் வரும் என்று பார்த்தால் ஒரு கூட்டமே வந்தது. இந்தப் பக்கம் ஜெனி விரட்டினால் அந்தப் பக்கம் வந்து பொறுக்கும். அந்தப் பக்கம் ரூபன் ஓடினால் இந்தப் பக்கம். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். ஒரு ஆண்மயில் ரூபனையே திருப்பி விரட்டியது. “அம்மா! அம்மா!” என்று கத்திக்கொண்டு களத்தைச் சுற்றி ஓடினான், ஓடிக்கொண்டே சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆச்சு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மா ஒரு சொம்பு மோரோடு திரும்பி வந்து, “எஞ் சோளத்தத் தின்னதுல மயிலு பாதி, நீங்க மிதிச்சது பாதி” என்று சொல்லிச் சிரித்தது. எலுமிச்சைச் சோற்றை நாலு பேரும் பகிர்ந்து தின்றோம். போன வழி நேர்தானே, திரும்பி வருவதிலும் சிரமம் இல்லை.

இப்போது சாயங்காலம். அடுத்த வாரத்துக்கான சண்டை இப்போதே தொடங்கிவிட்டது. நேரா சொன்னது செல்லாது, அதனால் முறை முடிந்துவிட்டது என்கிறான் ரூபன். அப்பா என்னிடம் சொல்லவில்லை, அதனால் எனக்கு அந்த ரூலே கிடையாது என்கிறாள் ஜெனி. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “நெசமாச் சொல்லுடா, அப்பா சொன்னாரா, நீயா சொல்றியா?” என்று கேட்டேன்.

“நெசமாத்தேம்மா.”

“வேற என்னடா காதுல சொன்னாரு?”

“நெறைய. சொல்லமாட்டேன்” என்று ஓடிவிட்டான்.

அவனிடம் நிறைய இருக்கிறது மாமா, இருக்கட்டும். அவன் வைத்துக்கொள்ளட்டும். ஜெனி மட்டும் இப்போது என் பக்கத்தில் வந்து நின்று, யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். அவள் காதோரம் ஒதுங்கிய முடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, “அப்பாகிட்டக் கேளும்மா” என்று ஒன்றைக் கேட்கச் சொன்னாள். அவள் கேட்டதையே கேட்கிறேன்.

கிறிஸ்மஸ் கழித்து அவள் முன்னால் நின்றிருந்தால், அவள் காதில் என்ன சொல்லியிருப்பாய்?